இருட்டுக்கு என்ன விலை?

எந்த டிவி கடைக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே ரகப் படம்தான் ஓடிக்கொண்டிருக்கும். மயில் தோகை விரிக்கும். பச்சோந்தி கண்ணை உருட்டும். கலர் பொடி வெடித்துச் சிதறும். ஸ்ட்ராபெர்ரி ஒன்று ஸ்லோமோஷனில் பாலுக்குள் விழும்.

ஒரு கடையிலாவது, ஓர் ஆள் இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிற காட்சியைப் போட்டுக் காட்டி டிவி விற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டார்கள். போட்டால் சாயம் வெளுத்துவிடும்.

இந்த வாரம் பேசப்போவது படுக்கையறை டிவி பற்றி. சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, எட்டு வருஷம் கட்டிலுக்கு எதிரே மாட்டிவைக்கும் ஒரு சாமானுக்கு மட்டும் சேல்ஸ்மேன் சொல்வதே விமரிசனம் என்று இருந்துவிடுகிறோம். நியாயமா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் ஜெயிக்கிற டிவி, எது அதிக வெளிச்சம் அடிக்கிறதோ அது. படுக்கையறையில் ஜெயிக்க வேண்டியது, எது ஒழுங்காக இருட்டத் தெரிந்ததோ அது. இரண்டும் வேறு வேறு பரீட்சை. நாம் முதல் பரீட்சையின் மார்க்கைப் பார்த்து, இரண்டாவது வேலைக்கு ஆள் எடுக்கிறோம்.

கடையில் தலைக்கு மேல் முப்பது நாற்பது விளக்குகள். வாசல் வழியாக வெயில் வேறு. இந்த வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவி வைத்தால், நம் கண் கொஞ்சமும் யோசிக்காமல் பளிச்சென்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்கும். கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் டிவிக்குள் ‘ஸ்டோர் மோட்’ என்று ஒன்றைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். வெளிச்சம், கலர், கூர்மை எல்லாவற்றையும் உச்சத்தில் ஏற்றிவைக்கும் ஏற்பாடு. கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற மேக்கப் மாதிரி. அதே மேக்கப்போடு ராத்திரி பத்தரை மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது நிறைய வீடுகளில்.

இதற்கு முன்னால் ஒரு சின்ன சரித்திரம். டிவி படுக்கையறைக்குள் எப்படி வந்தது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அப்போது டிவி ஒரு மரியாதைக்குரிய விருந்தாளி. சாலிடேர், டயனோரா என்று நம்மூர் கம்பெனிப் பெட்டிகள். மரக்கூடு, இழுத்து மூடும் ஷட்டர், மேலே ஒரு பூப்போட்ட துணி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியுக்குப் பாதித் தெரு வந்து ஹாலில் உட்காரும். அந்தப் பெட்டியைப் படுக்கையறையில் வைப்பது என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நினைத்திருந்தாலும் இடம் இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ‘ஃப்ளாட் டிவி’ என்ற வார்த்தை வந்தது. அதை நம்பி வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்பக்கக் கண்ணாடி மட்டும்தான் தட்டை. பின்னால் பழையபடி பிள்ளையார் தொப்பை. 29 அங்குலப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிறகு பிளாஸ்மா வந்தது, எல்.சி.டி. வந்தது. பிளாஸ்மா தயாரிப்பைப் பெரிய கம்பெனிகள் 2014-ஓடு மூட்டைகட்டிவிட்டன. இன்றைக்கு 43 அங்குல டிவி பெரும்பாலும் பத்து கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. சுவரில் ஒரு காலண்டர் போலத் தொங்குகிறது.

ஆக, ‘ஃப்ளாட்’ என்பது படத்தின் தரம் பற்றிய வார்த்தை அல்ல. அது ஒரு பாஸ்போர்ட். அதைக் காட்டித்தான் டிவி ஹாலைத் தாண்டி உள்ளே வந்தது. வந்த விருந்தாளி அந்த அறைக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறதா என்பதுதான் கேள்வி.

(படுக்கையறை என்று தனியாக ஓர் அறை இருப்பதே பல வீடுகளில் ஆடம்பரம். 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவிகள் லட்சக்கணக்கான ஒற்றை அறை வீடுகளுக்குள் போயின. அங்கே ஹாலும் அதுதான், பெட்ரூமும் அதுதான், பிள்ளைகள் படிக்கிற இடமும் அதுதான். இங்கே எழுதுவது அவர்களுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.)

*

நான் பி.காம். படித்தவன். எந்தக் கணக்கையும் பின்பக்கத்திலிருந்து படிக்கிற வியாதி உண்டு. பேலன்ஸ் ஷீட்டில் லாபம் கொட்டை எழுத்தில் இருக்கும். விஷயம் கடைசிப் பக்கக் குறிப்பில்தான் ஒளிந்திருக்கும். டிவி அட்டைப்பெட்டியும் அப்படித்தான்.

முதலில் சைஸ். 43 அங்குலம் என்பதைப் பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். இது மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 95 செ.மீ.தான். இன்னொரு கணக்கு: 32-லிருந்து 43-க்குப் போனால் 11 அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பளவு கிட்டத்தட்ட 80 சதவிகிதம் கூடுகிறது. 43-லிருந்து 55-க்குப் போனால் இன்னும் 60 சதவிகிதத்துக்கு மேல். சின்ன அறையில் 55 அங்குலம் ஒரு சுவரையே விழுங்குவது இதனால்தான்.

வரியையும் பார்த்துவிடுவோம். 2019-லிருந்து 32 அங்குலம் வரை 18 சதவிகித ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் 28 சதவிகிதம். பெட்ரூமுக்கு 32 போதும் என்று பலர் நிறுத்திக்கொண்டதற்கு இந்தப் பத்து சதவிகிதமும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் 18தான். வரி தடுத்தது போய், இனிமேல் நம் புத்திதான் நம்மைத் தடுக்க வேண்டும்.

அடுத்தது தூரம். நம்மூர் அபார்ட்மென்ட் படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. கட்டில் ஆறரை அடி. தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் கண்ணுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் ஏழு, எட்டு அடி. சினிமா மாதிரி பார்க்க வேண்டுமென்றால் திரையின் மூலைக்கு மூலை அளவைப்போல 1.6 மடங்கு தூரம் என்று ஒரு கணக்கு உண்டு. 43 அங்குலத்துக்கு அது ஆறடிக்குச் சற்றுக் குறைவு. 50 அங்குலத்துக்கு ஆறே முக்கால் அடி. 55-க்கு ஏழரை அடி. ஆக 43-லிருந்து 55-க்குள் எதுவும் தப்பில்லை. ராத்திரி படம் பார்க்கிறவர் என்றால் 50. செய்தியும் பாட்டும்தான் என்றால் 43. ஹாலில் பெரிசாக ஒன்று இருக்கிறது, இது சும்மா என்றால் 32 ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இப்போது அந்த 4கே சமாசாரம். நல்ல பார்வை உள்ள ஒருவர் 43 அங்குலத் திரையில் சாதாரண ஃபுல் ஹெச்.டி.யின் புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஐந்தரை அடிக்குள் வரவேண்டும். 4கே புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க மூன்றடிக்குள். நீங்கள் இருப்பதோ ஏழடியில், அதுவும் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு! இன்றைக்கு 43 அங்குலத்தில் பெரும்பாலும் 4கேதான் வருகிறது, வரட்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். 4கேயில் பார்ப்பதற்கென்றே மேல்தட்டுச் சந்தா கேட்கிற ஓ.டி.டி.க்கள் உண்டு. பெட்ரூமில் அந்தச் சந்தாவால் உங்கள் கண்ணுக்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை. 8கே என்று யாராவது ஆரம்பித்தால், வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர்கள். எல்.இ.டி. டிவி என்பது ஏதோ புது ஜாதி இல்லை. பழைய எல்.சி.டி.தான், பின்னால் எரிகிற விளக்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கியூ.எல்.இ.டி. என்பதும் அதே எல்.சி.டி. குடும்பம்தான், கலரை மேம்படுத்த ஒரு படலம் சேர்த்தது. ஓ.எல்.இ.டி. மட்டும்தான் வேறு பிறவி. கியூவுக்கும் ஓவுக்கும் ஒரு வால்தான் வித்தியாசம். விலையில் எத்தனை வால் என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

*

இனி இருட்டுக்கு வருவோம்.

எல்.சி.டி. டிவியில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. முன்னால் இருக்கும் கோடிக்கணக்கான சின்னக் கதவுகள் திறந்து மூடி அந்த வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கறுப்பு வேண்டுமென்றால் கதவை மூட வேண்டும். ஆனால் எந்தக் கதவும் முழுசாக மூடாது. இடுக்கு வழியே வெளிச்சம் கசியும். அதனால் கறுப்பு என்று நாம் பார்ப்பது சாம்பல். கடை வெளிச்சத்தில் இது தெரியாது. ராத்திரி விளக்கணைத்த அறையில் பளிச்சென்று தெரியும். திரையே கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், அழுக்கு ஸ்லேட்டு மாதிரி மினுமினுக்கும்.

கதவிலும் இரண்டு ரகம். ஐ.பி.எஸ். என்று ஒன்று. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் கலர் மாறாது, ஆனால் கசிவு அதிகம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. வி.ஏ. என்று இன்னொன்று. இது இறுக்கமாக மூடும், வித்தியாசம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதற்கு மேலும் போகும். ஆனால் நேரெதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் போனால் வெளுக்கும். ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைகிறது. கறுப்பு என்றால் நிஜமாகவே கறுப்பு. படுக்கையறைக்கென்றே பிறந்த சாதி என்று சொல்லலாம். 2022-லிருந்து 42 அங்குலத்திலும் கிடைக்கிறது. விலை மட்டும் சாதாரண 43-ஐப்போல இரண்டு மூன்று மடங்கு. பணம் இருந்தால் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள்.

பட்ஜெட்டுக்குள் என்றால் என் சிபாரிசு எளிது. கட்டிலுக்கு நேரெதிரே டிவி வருமென்றால் வி.ஏ. அறையின் அமைப்பால் ஓரத்தில்தான் மாட்ட முடியும், ஒருக்களித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஐ.பி.எஸ். பெட்டியில் இது எழுதியிருக்காது. மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். தெரியாது என்றால் நீங்களே சோதிக்கலாம். பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து பாருங்கள். முகங்கள் வெளுத்தால் அது வி.ஏ.

பெட்டியில் ‘டைனமிக் கான்ட்ராஸ்ட் பத்து லட்சத்துக்கு ஒன்று’ என்று எழுதியிருந்தால் மயங்காதீர்கள். பின்விளக்கை முழுசாக ஏற்றி ஒரு தரம், தணித்தோ அணைத்தோ ஒரு தரம் அளந்து வகுத்த கணக்கு. வீட்டில் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு ‘பார், கரன்ட் பில் பூஜ்யம்’ என்று சொல்வதைப்போல.

“இருட்டுக்கு இத்தனை பஞ்சாயத்தா சார்?” என்று கேட்பீர்கள். ‘நாயகன்’ வந்தது 1987-ல். மணிரத்னம், பி.சி.ஸ்ரீராம் கூட்டணிப் படங்கள் என்றாலே ‘ஒரே இருட்டு’ என்று ஜோக்கடித்த காலம் அது. தியேட்டரில் அந்த இருட்டு வேலை செய்தது. பாதி முகம் நிழலில் இருக்கும்போது அந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று நாம் முன்னால் சாய்ந்து பார்த்தோம். அதே படத்தைச் சாம்பல் கறுப்பில், விவிட் மோடில் பாருங்கள். நிழல் வெளுத்துப்போகும், முகம் ஆரஞ்சாகும். ஒளிப்பதிவாளர் கஷ்டப்பட்டு அணைத்த விளக்கையெல்லாம் டிவி ஒவ்வொன்றாகப் போட்டுவிடும். வீட்டில் ஒரு படம் தியேட்டருக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரே இடம் படுக்கையறை. ஏனென்றால் அந்த ஓர் அறையைத்தான் நாம் முழுசாக இருட்டாக்குகிறோம். அங்கேயும் கெடுத்துக்கொண்டால் எப்படி?

அதனால் கடைக்குப் போகும்போது பென்டிரைவில் இருட்டான காட்சி உள்ள ஒரு வீடியோவைப் போட்டு எடுத்துப்போங்கள். “தம்பி, ஸ்டோர் மோடை எடுத்துட்டு ஹோம் மோடுல வையுங்க, இதைக் கொஞ்சம் ஓட்டுங்க” என்று கேளுங்கள். அவர் முகம் சுளிப்பார். “சார், இத பாருங்க, மயில் என்னமா இருக்கு!” என்பார். மயில் அழகுதான். ஆனால் உங்கள் வீட்டில் மயில் பார்க்கப்போவதில்லை.

*

டிவி வந்தாகிவிட்டது. இனிமேல்தான் நிஜ வேலை. அட்டைப்பெட்டியைப் பிரித்தபடியே பத்து வருஷம் பார்க்கிறவர்கள்தான் அதிகம். ரிமோட்டை எடுங்கள். ஐந்தே நிமிஷம்.

ஒன்று: பிக்சர் மோடில் ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ இருந்தால் மாற்றுங்கள். ‘சினிமா’, ‘மூவி’, ‘ஃபிலிம்மேக்கர்’ இதில் எது இருந்தாலும் சரி.

இரண்டு: கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ ஆக்குங்கள். முதல் நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். மூன்று நாள் பொறுங்கள். அப்புறம் பழைய செட்டிங்கைப் போட்டால் நீலம் பாய்ச்சிய வேட்டி மாதிரி இருக்கும். நீங்களே சிரிப்பீர்கள்.

மூன்று: ராத்திரிக்குப் பின்விளக்கைக் குறையுங்கள். சாதாரணப் படங்களுக்குக் கலர் சரிசெய்கிற ஸ்டூடியோவில், இருட்டு அறையில், திரையின் வெளிச்சத்தை 100 நிட் என்கிற அளவில்தான் வைத்துக்கொள்கிறார்கள். விவிட் மோடில் டிவி அதைப்போல மூன்று நான்கு மடங்கு அடிக்கிறது. டிவிக்குப் பின்னால் ஒரு மங்கலான வெள்ளை விளக்கு வைத்தால் கண்ணுக்கு இன்னும் சுகம். கறுப்பும் இன்னும் கறுப்பாகத் தெரியும். முன்னால் டியூப்லைட் மட்டும் வேண்டாம். அது திரைக்குள் ஒரு கோடாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான்கு: இதுதான் முக்கியம். சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி அது போதாது என்று நினைத்து, நடுவில் இல்லாத பிரேம்களைத் தானாகவே இட்டுக்கட்டிச் சேர்க்கிறது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். விளைவு என்ன? சினிமா, சீரியல் மாதிரி ஆகிவிடும். வழுக்கிக்கொண்டு ஓடும். ‘என்னமோ இருக்கு, ஆனா என்னன்னு தெரியலை’ என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அது இதுதான். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவில் வந்து, ‘தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். விமானத்தில் தொங்குகிற மனுஷன் அவர், அவரே பயப்படுகிற விஷயம்! அடுத்த வருஷம், 2019-ல், ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ அறிவிக்கப்பட்டது. ஒரே பட்டனில் இந்த ஜிகினாவெல்லாம் அணையும். இயக்குநர்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கிய பட்டன். உங்கள் டிவியில் இருந்தால் அழுத்தாமல் விடாதீர்கள்.

அடுத்து, மாட்டுவது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் மாட்ட வந்த பையன் ஏணியைப் போட்டு நேராக ஏ.சி.க்குப் பக்கத்தில் அளவெடுத்தான். “ஏன்ப்பா அவ்வளவு மேலே?” என்றதற்கு, “எல்லா வீட்லயும் இங்கதான் சார்” என்றான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பது நிஜம். கழுத்து வலிக்குத் தைலம் இருப்பதும் எல்லா வீட்டிலும்தான்! கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. திரையின் நடு மையம் நாலடி, நாலேகாலடிக்குள் இருந்தால் போதும். முழுசாகப் படுத்துக்கொண்டு பார்க்கிற ஆள் என்றால் கொஞ்சம் உயர்த்தி, முன்பக்கம் சாய்கிற பிராக்கெட் கேட்டு வாங்குங்கள். கம்பெனி இலவசமாகக் கொடுப்பது பெரும்பாலும் சாயாத பிராக்கெட்தான்.

புது ஃப்ளாட்டில் சுவர் இலேசான சிமென்ட் பிளாக்காக இருக்கலாம். சாதாரண பிளக்கும் ஸ்க்ரூவும் பிடிக்காது. அதற்கென்று தனி ஆங்கர் உண்டு. துளைபோடுமுன் சுவருக்குள் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டாதீர்கள். ஸ்டெபிலைசர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டிவியின் பின்னால் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது தேவையில்லை. நல்ல ஸ்பைக் கார்டு போதும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மிஞ்சிய பாதுகாப்பு இல்லை.

*

இத்தனையும் எழுதிய பிறகு, என் கட்சிக்கே எதிராக ஒரு சாட்சியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. என் சித்தி. எழுபது தாண்டியாகிவிட்டது. சித்தப்பா போன பிறகு மகன் வீட்டில் ஓர் அறை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அறைதான் உலகம். அங்கே 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டினார்கள். போட்டவுடன் சினிமா போஸ்டர்களாக ஒரு பக்கம் வந்தது. சித்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா தம்பி, இதுல சன் டிவி எங்கடா?”

ஓ.எல்.இ.டி., வி.ஏ. எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் தூசு. அவருக்கு டிவி என்பது படம் இல்லை, ஆள். அறையில் இன்னொருத்தர் பேசிக்கொண்டிருக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில்தான் பிரச்னை. டிவி ஒல்லியாக ஒல்லியாக ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ போய்விட்டது. இசை கேட்கிறது, வசனம் புரியவில்லை. சித்தி சத்தத்தை நாற்பதில் வைக்க, பக்கத்து அறையில் பேத்திக்கு பப்ளிக் எக்ஸாம். “பாட்டி, கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்று அவள் கத்த, இவர் முகம் வாடிவிடும்.

இதற்கு வழி இருந்தது. சவுண்ட் செட்டிங்கில் ‘கிளியர் வாய்ஸ்’ மாதிரி ஒன்று இருந்தது, போட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். ஆன் செய்தால் போஸ்டர் பக்கம் வராமல் நேராக செட்டாப் பாக்ஸுக்குப் போகும்படி ஒரு செட்டிங் இருந்தது, அதையும் போட்டோம். ஒரே ரிமோட்டில் இரண்டும் ஆன் ஆகும்படி செய்தோம். பதினைந்து நிமிஷ வேலை. ஒரு ரூபாய் கூடுதல் மாடலில் கிடைக்காத நிம்மதி அது. வயதானவர்கள் அறைக்கு வாங்குகிறவர்கள் திரையைவிட ரிமோட்டையும் ஸ்பீக்கரையும் பாருங்கள். கூடவே ஸ்லீப் டைமர். சித்தி பாட்டு கேட்டபடி தூங்கிவிடுவார். பதினொன்றரைக்கு டிவி தானே அணைந்துவிடும். பாருங்கள், அங்கேயும் கடைசியில் இருட்டில்தான் வந்து நிற்கிறது.

*

கடைசியாக, அட்டைப்பெட்டியில் எழுதாத இரண்டு விஷயம்.

ஸ்மார்ட் டிவி பார்க்கப்படுகிற சாமான் மட்டுமல்ல, பார்க்கிற சாமானும்கூட. நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைத் திரையிலிருந்தே கண்டுபிடித்துக் கம்பெனிக்கு அனுப்புகிற தொழில்நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் விஸியோ கம்பெனி, வாடிக்கையாளரின் சம்மதமில்லாமல் சுமார் 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து இப்படித் தகவல் எடுத்ததாக வழக்கு வந்து, 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. 2015-ல் சாம்சங் டிவியின் பிரைவசி பாலிசியில், குரல் வசதி இயங்கும்போது பேசுகிற அந்தரங்க விஷயங்களும் வெளி நிறுவனத்துக்குப் போகலாம் என்கிற வரி இருந்தது பெரிய செய்தியானது. ஹாலில் நாம் பேசுவது ஊருக்கே கேட்கும், போகட்டும். படுக்கையறையில்? பள்ளிக்கூட ஃபீஸ், மாமியார், பேங்க் லோன், எல்லாம் அங்கேதானே பேசுகிறோம். செட்டிங்கில் ‘வியூவிங் இன்ஃபர்மேஷன்’ என்பது மாதிரி ஏதாவது இருந்தால் அணையுங்கள். குரல் உதவி தேவையில்லையென்றால் மைக்கையும் அணையுங்கள்.

இரண்டாவது, தூக்கம். ஏழடி தூரத்தில், தணித்துவைத்த டிவியின் வெளிச்சத்தை மட்டும் பூதமாக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு முன்னால் ஓரடியில் பிடிக்கும் செல்போன் இன்னும் மோசம். தூக்கத்தைத் திருடுவது பெரும்பாலும் வெளிச்சம் இல்லை, ‘அடுத்த எபிசோட் 5 நொடிகளில்’ என்கிற அந்த எண்ணிக்கை. நெட்ஃப்ளிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் வெளிப்படையாகவே, தங்கள் போட்டியாளர் தூக்கம்தான் என்கிற அர்த்தத்தில் பேசினார். ஒரு கம்பெனி தன் போட்டியாளர் யார் என்று இவ்வளவு நேர்மையாகச் சொல்வது அபூர்வம். அந்தப் போட்டி நடக்கிற மைதானம் உங்கள் கட்டில். ஆட்டோ-பிளேயை அணைத்துவிட்டால் பாதி ஆட்டம் உங்கள் பக்கம். பிள்ளைகளின் அறையில் டிவியே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல வருஷமாகச் சொல்லிவருகிறது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

கரன்ட் செலவு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 80 வாட் டிவி, தினம் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்குப் பதினாலரை யூனிட். பெரிய பாரமில்லை. டிவியின் உண்மையான செலவு அந்த மூன்று மணி நேரம்தான். அதற்கு எந்த ரசீதும் வருவதில்லை.

அதனால் தீர்ப்பு இதுதான். படுக்கையறைக்கு டிவி வேண்டாம் என்று உபதேசம் செய்ய மாட்டேன். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, கால் நீட்டிப் படுத்து, பக்கத்தில் ஆளோடு ஒரு நல்ல படம் பார்ப்பது சின்ன சந்தோஷம் இல்லை. அளவான திரை, நல்ல கறுப்பு, தாழ்ந்த வெளிச்சம், புரிகிற வசனம், நேரத்துக்கு அணைகிற டைமர். இவ்வளவும் இருந்தால் அது நல்ல டிவி, என்ன கம்பெனியாக இருந்தாலும் சரி.

கடையில் கடைசியாக ஒன்று செய்யுங்கள். பில் போடுமுன், பிடித்த டிவியை அணைக்கச் சொல்லி, அணைந்த திரையை ஒரு நிமிஷம் பாருங்கள். மூன்று மணி நேரம் ஓடினாலும், மீதி இருபத்தோரு மணி நேரம் உங்கள் சுவரில் இருக்கப்போவது அந்தக் கறுப்புப் பலகைதான்.